பொத்தானுக்குக் கீழே ஒரு வரி

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். மைத்துனியின் கணவர் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, தன் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் சேர்த்துவிட்டது அவர்தான்.

இணையத்தைப் பார்க்க உதவும் பிரவுசர் ஒன்றை அந்த நிறுவனம் செய்கிறது. அதில் கண்ணில் படும் ஒவ்வொரு சொல்லும் அவர் ஒப்புதல் கொடுத்த பிறகே வெளியே போகும். பொத்தானில் என்ன எழுதுவது, அதன் கீழே சிறிய எழுத்தில் என்ன விளக்கம் தருவது, கோளாறு வந்தால் எப்படிச் சொல்வது, எல்லாம் அவர் பொறுப்பு. அலுவலகத்தில் அவரை 'வாத்தியார்' என்பார்கள். எதிரே சொல்லும்போது அதில் மரியாதை இருக்கும்.

சகலை வந்த பிறகு சிரிப்பெல்லாம் விற்பனைப் பிரிவுப் பக்கம் போய்விட்டது. வீட்டிலும் அதே கதை. "சின்ன மாப்பிள்ளை பேசினா கேட்டுக்கிட்டே இருக்கலாம்," என்றார் மாமனார் ஒருநாள். பிறகு நினைவு வந்தவராக, "பெரியவரும் நல்லவர்தான்," என்று சேர்த்துக்கொண்டார். அந்த ஒரு வார்த்தை மீன்முள்ளைப் போல வாத்தியாரின் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் பிரவுசரில் விளம்பரங்களைத் தடுக்கும் வசதி தயாரானது. பக்கத்தை மறைத்துக்கொண்டு குதிக்கும் விளம்பரங்களையும், போகிற இடமெல்லாம் பின்னாலேயே வரும் விளம்பரங்களையும் அது தடுக்கும். நிறுவனத்துக்குப் பணம் கட்டியவர்களின் விளம்பரங்களை மட்டும் உள்ளே விடும். இதற்குச் சகலை வைத்த பெயர் 'முழுக் கவசம்'. மேலாளர் மேசையைத் தட்டிப் பாராட்டினார். மறுநாள் லிஃப்ட் கதவில் அந்தப் பெயர் ஆளுயரத்துக்கு ஒட்டப்பட்டிருந்தது. அன்றிலிருந்து வாத்தியார் படியேறத் தொடங்கினார்.

"முழுசும் இல்ல, கவசமும் இல்ல. பச்சைப் பொய்," என்றார் மனைவியிடம்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "பொய்யா இருக்குன்னு கோபமா, அவர் எழுதினார்னு கோபமா?"

"ரெண்டும்தான்னு வெச்சுக்கோ."

"ரெண்டாவதை முதல்ல சொல்லியிருக்கலாம்," என்றாள் அவள், தலையைத் தூக்காமல்.

அவர் தன் பங்குக்கு ஒரு வாசகம் எழுதினார். 'பின்தொடரும் மற்றும் இடையூறு செய்யும் விளம்பரக் கூறுகளை வடிகட்டுக. சில விதிவிலக்குகள் பொருந்தும்.' அதில் ஒரு சொல்லைக்கூடத் தப்பு என்று சொல்ல முடியாது. இரண்டையும் சோதனைக்கு விடலாம் என்றார் மேலாளர்.

சோதனை என்றால், வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டுக் கணினி முன் உட்கார வைப்பார்கள். எழுதியவர்கள் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து பார்க்கவேண்டும். வாயைத் திறக்கக்கூடாது. தன் பிள்ளை மேடையில் வசனத்தை மறந்து நிற்பதைக் கீழே இருந்து பார்ப்பது போன்ற வேலை அது.

முதலில் வந்தவர் டாக்சி ஓட்டுநர். 'முழுக் கவசம்' திரையில் வந்தது.

"இதை அழுத்தினா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டாள் சோதனை நடத்தும் பெண்.

"வைரஸ் வராது. பேங்க் பணத்தை எவனும் எடுக்கமுடியாது."

"விளம்பரம்?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

அடுத்து வந்த பல் மருத்துவரும், "திருட்டுப் போனா கண்டுபிடிச்சுக் கொடுக்கும்போல," என்றார். கேட்டுக்கொண்டிருந்த வாத்தியாருக்கு உள்ளுக்குள் பால் வார்த்தது போலிருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தார். சகலை முகம் வாடாமல் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். அதுவும் பிடிக்கவில்லை.

பிறகு வாத்தியாரின் வாசகத்தைக் காட்ட, ஓட்டுநரை மறுபடி உட்கார வைத்தார்கள். ஓட்டுநர் அதை உதடு அசைய இரண்டு முறை படித்தார். கையை மௌஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏன், அழுத்தலையா?"

"வேணாம்மா. வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கு. அந்த விதிவிலக்குன்னா என்னது? யாருக்கு விலக்கு?"

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"சாயங்காலம் இந்த வசதி வெளியே போகணும்," என்றார் மேலாளர். "அதுக்குள்ள வேற வாசகம் வந்தா சரி. இல்லேன்னா உங்க ஒப்புதலுக்குக் காத்திருக்காம 'முழுக் கவசம்'தான் போகும்."

மதியம் சகலை அவர் மேசைக்கு வந்தார். கையில் அச்செடுத்த தாள்.

"சகலை, அந்த டிரைவர் கேட்டாரில்ல, யாருக்கு விலக்குன்னு? அதுக்குப் பதில் எழுதிப் பார்த்தேன். எனக்கு இந்த வேலை தெரியாது. நீங்க திருத்திக் கொடுங்க."

தாளில் இருந்தது இவ்வளவுதான்: 'பெரும்பாலான விளம்பரங்களைத் தடு. எங்களுக்குப் பணம் கட்டும் நிறுவனங்களின் விளம்பரங்கள் தெரியும்.'

"வெச்சுட்டுப் போங்க. பார்க்கிறேன்," என்றார்.

பேனாவை எடுத்தார். திருத்த இடம் தேடினார். முதல் வரியில் இல்லை. இரண்டாவது வரியில் வயிறு எரிந்தது. பணம் கட்டுகிறவர்கள் சங்கதி அவருக்கும் தெரியும். அதைத்தான் 'சில விதிவிலக்குகள்' என்ற போர்வைக்குள் சுருட்டி வைத்திருந்தார். நேற்று வந்த ஆள் போர்வையை உதறிக் கொடியில் போட்டுவிட்டார்.

ஒப்புதல் கொடுக்காமல் சும்மா இருந்தால் போதும் என்று பட்டது அப்போதுதான். 'முழுக் கவசம்' வெளியே போகும். அதைப் போட்டும் விளம்பரம் வருகிறது என்று ஜனங்கள் கொதிப்பார்கள். பெயர் வைத்த மகராசன் யார் என்று மேலாளர் தேடுவார். தன் மேல் ஒரு தூசும் படாது. வேலை அதிகம், பார்க்க முடியவில்லை என்றால் யார் கேட்கப்போகிறார்கள்?

அலுவலகத்தில் ஒவ்வொருவராகக் கிளம்பத் தொடங்கினார்கள். தாள் மேசைமேல் கிடந்தது. அந்த ஓட்டுநர் 'முழுக் கவச'த்தை அழுத்திவிட்டு, பேங்க் பணம் பத்திரம் என்று நம்பிப் போய்க்கொண்டே இருப்பார் என்பதைத்தான் அவரால் ஓரங்கட்ட முடியவில்லை. தாளில் இருந்ததை எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்து ஒப்புதலை அழுத்தினார். கசப்பு மருந்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிற வேகம் அதில் இருந்தது.

உடனே மேலாளரிடமிருந்து அழைப்பு வந்தது.

"ரெண்டாவது வரி யார் எழுதினது?"

குரலில் கோபமா மெச்சலா என்று பிடிபடவில்லை. கோபம் என்றால் உள்ளதைச் சொல்லிவிடலாம். மெச்சல் என்றால்தான் சிக்கல்.

"சகலை எழுதினது, மேடம்," என்றார். "பார்த்து அனுப்பினது நான்."

"பணம் கட்டுறாங்கன்னு நாமே சொல்லணுமா? அதை மட்டும் எடுத்துட்டா என்ன?"

"எடுத்தா, ஒளிச்சு வெச்ச மாதிரி ஆகிடும். நாளைக்கு அவங்களே கண்டுபிடிச்சுக் கேட்டா, நம்மகிட்ட பதில் இல்ல." சகலையின் வரிக்காகத் தான் வாதாடுவதைத் தானே கேட்டுக்கொண்டிருந்தார்.

மேலாளர் அந்த வரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கார்," என்றார் கடைசியில். "போகட்டும். அவரை என் ரூமுக்கு வரச் சொல்லுங்க. நேர்லயே சொல்லிடறேன்."

அவர் விற்பனைப் பிரிவுக்கு நடந்தார். சகலை பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"மேடம் கூப்பிடறாங்க. அந்த ரெண்டாவது வரி விஷயமா."

சகலையின் முகம் சுண்டியது. "திட்டப் போறாங்களா, சகலை?"

அவர் சுவரைப் பார்த்தார்.

"தெரியலையே," என்றார். "போய்ப் பாருங்க."

சகலை பையை நாற்காலியில் இறக்கி வைத்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி அந்த நீண்ட நடைவழியில் போனார். மேலாளர் அறைக் கதவைத் தட்டும்வரை அவர் அங்கேயே நின்று, கண்குளிரப் பார்த்துக்கொண்டிருந்தார்.