படம் பார்த்துவிட்டு வந்தவர்

...மறுபடியும் அதே குரல், “எழுந்துட்டியாம்மா?”, முந்தாநாள் வரை என் புருஷன் இப்படியா பேசினார், வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவருக்கு உலகத்தில் எல்லாமே ஏதோ ஒரு பார்ட் போன விவகாரம்தான், “எது போச்சுன்னு சொன்னா சரி பண்ணிடலாம், சொல்லாமப் படுத்தே கெடந்தா?” என்று வீடு அதிரக் கத்தியவர், ஞாயிற்றுக்கிழமை தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு படத்துக்குப் போனார், திரும்பி வரும்போது இரண்டு பேருக்கும் கண் வீங்கியிருந்தது, என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போய்த் திரையில் என்னைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள்... அத்தை செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நேரே கட்டிலுக்கு வந்து என் தலையைத் தடவினார், “தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சும்மாவா சொன்னாங்க, அந்தப் பொண்ணு என்னமாத் துடிக்குது தெரியுமா”, துடிக்கிறதா, நான் எங்கே அத்தை துடித்தேன், கிடக்கிறேன், அவ்வளவுதான், பல் தேய்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன், மத்தியானம் ஆகிவிடுகிறது, இதை எந்தக் கேமரா எடுக்கும், எடுத்தாலும் எவன் டிக்கெட் வாங்குவான்?

இதோ, இவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொள்கிறார், படத்திலும் இப்படித்தானாம், அத்தை முழுக் கதையையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார், புருஷன் கையைப் பிடிப்பான், அவள் அவன் தோளில் சாய்ந்து ஓவென்று அழுவாள், அந்த அழுகையோடு எல்லாம் தீர்ந்துவிடும், அடுத்து ஒரு பாட்டு, சுபம்... அதனால்தான் தோளைக் கொஞ்சம் என் பக்கமாகச் சரித்து வைத்திருக்கிறார், பாவம், கழுத்து வலிக்காதா? நேற்று எனக்கே மனசு கேட்காமல் சாய்ந்து பார்த்தேன், அப்பா செத்த அன்றைக்கு நடந்ததை எல்லாம் வரிசையாக நினைத்தேன், ஒரு சொட்டு வரவில்லை, இவர் முதுகைத் தடவித் தடவி “அழுதுடு, அழுதுடு” என்கிறார், சட்டையில் கிரீஸ் வாசனை, எனக்கு வந்தது ஒரு தும்மல். பொய்யாக அழுதுவிடலாமா? அழலாம், இவர் முகம் மலரும், அத்தை ஊரெல்லாம் சொல்லுவார், ஆனால் அழுதால் நாளைக்கே எழுந்திருக்க வேண்டுமே, எழுந்து வேலைக்குப் போக வேண்டுமே, அழாவிட்டாலோ இந்த அன்பு எத்தனை நாளைக்குத் தாங்கும், ஒரு படம் ஒரு மனிதருக்குள் எத்தனை நாள் ஓடும், அது ஓடி முடிந்த பிறகு மறுபடியும் அந்தக் கத்தல்தானா... பிடிக்காமல் இல்லை, இந்தக் கை பிடித்திருக்கிறது, கல்யாணமான புதிதுக்கு அப்புறம் இவ்வளவு நேரம் பிடித்ததே இல்லை, இது போய்விடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது.

“அழுகை வரலைங்க,” என்று சொல்லிவிட்டேன், வாய் முந்திக்கொண்டது, “எதுவுமே வரலை. உங்க மேல கோபம்கூட வரலை.” அவர் சரித்து வைத்திருந்த தோளை நிமிர்த்திக்கொண்டார், படத்தில் அந்தப் புருஷனுக்கு இப்படி ஒரு பதில் கிடைத்திருக்காது போல, மேஜை மேல் போன் அடிக்கிறது, யார் வீட்டிலோ மெஷின் தண்ணீர் வடியாமல் நிற்கும், எடுக்கவில்லை, அடித்து ஓய்ந்தது. “அப்ப நான் என்னதான் பண்றது?”, அதே பழைய குரல், சத்தம் மட்டும் கொஞ்சம் குறைவு, சரி, படம் முடிந்துவிட்டது, இனி எழுந்து போய்விடுவார்... போகவில்லை. “எனக்கும் தெரியலைங்க.” கை வியர்த்துப் பிசுபிசுக்கிறது, விடவில்லை, விரல் லேசாக நடுங்குகிறது, என் விரலா என்று பார்த்தேன், இல்லை, அவருடையதுதான், இவருக்குப் பயமா, இத்தனை நாளும் பயந்துபோய்த்தான் கத்திக்கொண்டிருந்தாரா?