மெரியானாவின் டப்பா

மெரியானாவுக்குப் பன்னிரண்டு வயது, குடலெல்லாம் புண். அன்று காலை பத்து மணியோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டு, எட்டு வாரம் மருந்துப் பால் மட்டும் குடிக்க வேண்டும். பால் உள்ளே போனால் குடலில் குடியிருக்கும் வைரஸ் கூட்டமே மாறிவிடும். அதற்கு முன் எடுத்த மலம்தான் எங்கள் ஆய்வுக்குத் தேவை. பிள்ளைகளின் இந்தக் குடல் நோயில் வைரஸுக்கும் பங்கு உண்டா என்று தேடுகிறோம். “எங்க பாப்பாவுக்கும் இது வந்துரக் கூடாது” என்று சொல்லித்தான் அவள் சேர்ந்தாள். பாப்பா அவளுடைய கைக்குழந்தைத் தங்கை.

ஆய்வின் நர்ஸான நான் அதை வாங்கிப்போக, நியூசிலாந்தின் தென்கோடியில் ப்ளஃப் துறைமுகத்தில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, அம்மா ஹுஹானா வாசலிலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“சிஸ்டர், டப்பா போயிடுச்சு.”

“எங்க போச்சு?”

“கடலுக்கு. என் தம்பி ரெவி மீன் பிடிக்க எடுத்துட்டுப் போயிட்டான்.”

மலத்தை எடுத்து வீட்டு ஃப்ரீசரில் வைக்கச் சொன்னது நான்தான். இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிகள் வீட்டில் சாப்பாடு இருக்கும் இடத்தில் உடம்பு கழித்ததை வைப்பார்களா? பதினைந்து வருடம் இவர்களோடு பழகியும் அச்சடித்த தாளை அப்படியே ஒப்பித்த என்னைத்தான் அறைய வேண்டும். ஹுஹானா என்னிடம் மறுத்துப் பேசாமல், கொட்டகையில் தூண்டில் இரை வைக்கும் ஃப்ரீசரில், ஐஸ்கிரீம் டப்பாவில் பத்திரப்படுத்தியிருக்கிறாள். பக்கத்து டப்பாக்களில் எல்லாம் இரை.

ரெவியைப் போனில் பிடித்தாள்.

“அக்கா, திறந்து பார்த்து செத்தே போயிட்டேன்! அப்படியே தண்ணில வீசிட்டேன். மீனெல்லாம் தெறிச்சு ஓடுது!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி ஒன்பது நாற்பது. மேசையில் பால் கலக்கித் தயாராக இருந்தது.

“கொஞ்சம் தள்ளிக் குடுக்கலாமா?” என்றாள் ஹுஹானா.

“வேணாம். ஆய்வு போனா போகட்டும். புள்ளைக்கு வலி நிக்கணும்.”

“இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?” என்றாள் மெரியானா. “ஒரு நாளைக்கு எட்டு தடவ கக்கூஸுக்கு ஓடுறேன். பள்ளிக்கூடத்துல எனக்குப் பேரே ஓட்டக்காரி. உங்களுக்கு எத்தன டப்பா வேணும்?”

என் பையிலிருந்த புதுக் குப்பியைப் பிடுங்கிக்கொண்டு போனாள். எப்போதும் கழிவறையிலிருந்து தலையைக் குனிந்துகொண்டு வரும் பெண், பந்தயத்தில் ஜெயித்த கோப்பையைப் போல் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சொல்ல என்ன வெட்கம்?

இந்த முறை அதை என் காரில் இருந்த பனிப்பெட்டியில் நானே வைத்துப் பூட்டினேன். அவள் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, பத்து அடித்ததும் பாலை ஒரே மூச்சில் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

பிறகு தொட்டிலுக்குள் குனிந்து தங்கையிடம் சொன்னாள்.

“நீ ஓட வேணாம்டி.”