குமரேசன் நீக்கிய இட்லி

திருவண்ணாமலையில் சண்டை இல்லாத இடம் என்று ஒன்று இருந்ததென்றால் அது குமரேசனின் முகநூல் குழுதான். கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தில் சண்டை உண்டு. பௌர்ணமியன்று ஷேர் ஆட்டோவில் ஏறுவதற்குள் நாலு சண்டை உண்டு. அவன் நடத்தும் ‘வேங்கிக்கால் உறவுகள்’ குழுவில் மட்டும் கிடையாது. சண்டை தலையெடுப்பதற்குள் குமரேசன் அதை அழித்துவிடுவான்.

அவனுக்கு அலுவலக வேலை உண்டு. அங்கே ஒரு கோப்பு அவன் மேசையைத் தாண்ட ஒரு மாதம் ஆகும். குழுவில் ஒரு கமெண்ட் அவன் கையில் ஒரு நிமிடம் தங்காது. தெருவிளக்கு எரியவில்லை என்று யாராவது எழுதினால் பெரிய மனது பண்ணி விட்டுவைப்பான். ஏன் எரியவில்லை என்று அடுத்த ஆள் கேட்டால் தூக்கிவிடுவான். கடைசியில் மிஞ்சுவது ‘ஓம் நமசிவாய’ மட்டும்தான். மின்தடை அறிவிப்புக்கும் ஓம் நமசிவாய, காணாமல் போன கன்றுக்குட்டிக்கும் ஓம் நமசிவாய. மாவட்டத்திலேயே இவ்வளவு பக்தியுள்ள குழு வேறு கிடையாது என்று அவனுக்குப் பெருமை வேறு.

ஆனால் ஊர் சின்னது. சென்னையில் ஒரு கமெண்டை அழித்தால் அது செத்தது. இங்கே அழித்தால் மறுநாள் செருப்பு மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும். ஓய்வுபெற்ற கண்டக்டர் மணிவேல் அப்படித்தான் வருவார். குப்பை வண்டியைப் பற்றித் தான் எழுதியதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசலில் நின்று ஒப்பிப்பார். குமரேசன் தலையை ஆட்டிக்கொண்டே வேறு எதையோ நினைத்துக்கொண்டிருப்பான். அவன் மனைவி ரேவதி காபி கொடுப்பாள். அவர் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

வராதவர்கள் யாரென்று அவனுக்குத் தெரியாது. இந்த ஊரில் முக்கால்வாசிப் பேர் தங்கள் முகத்துக்குப் பதிலாக மலையைத்தான் படமாக வைத்திருக்கிறார்கள். பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் வீட்டுக்கு ஓர் அருணாசலம், தெருவுக்கு நாலு அண்ணாமலை. யாரைக் குழுவை விட்டுத் தள்ளினோம் என்று தள்ளியவனுக்கே தெரியாது. அதுவும் ஒரு நிம்மதி என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

இந்த நிம்மதியில் மண் விழுந்தது ரேவதி டிபன் கடை போட்ட பிறகுதான். ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் ரசீது போட்டுப் போட்டு அலுத்துப்போனவள் அவள். வீட்டு முன்னறையில் அடுப்பு போட்டு, காலை டிபன் மட்டும் என்று ஆரம்பித்தாள். செங்கம் சாலையில், ஆசிரமத்துப் பக்கம், வெளியூர்க்காரர்கள் தங்கும் விடுதிகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒன்றே ஒன்று தினமும் டிபன் எடுத்தால் போதும், கடை நிலைத்துவிடும் என்பது அவள் கணக்கு. கார்த்திகை தீபம் வரைக்கும் அவள் இடத்தை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று பள்ளித் தாளாளர் சொல்லியிருந்தார். அதற்குள் கடை தேறவில்லையென்றால் மறுபடி அந்த நாற்காலிதான். அதை நினைத்தாலே அவளுக்கு முதுகு வலித்தது.

சாப்பிட்டவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுவிடலாமென்று, இட்லி, பொங்கல், வடகறியைப் படம் எடுத்துக் குழுவில் போட்டாள். நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்றே சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று கீழே எழுதியும் வைத்தாள்.

முதல் கமெண்ட் குமரேசன் கண்ணில்தான் பட்டது. இட்லியைக் கிரிவலப் பாதையில் வரிசையாக வைத்தால் வேகத்தடை கட்டுகிற செலவு மிச்சம் என்று ஒருவன் எழுதியிருந்தான். குமரேசனுக்கு ரத்தம் கொதித்தது. அழித்தான். இட்லியோடு ஒரு சுத்தியலும் கொடுங்கள் என்றது அடுத்தது. அதையும் அழித்தான். ‘இட்லி கல்லு மாதிரி இருக்குது’ என்று ஓர் அருணாசலம் ஆரம்பித்திருந்தார். அடுத்த வரிக்குக்கூடப் போகாமல் கமெண்டை அழித்து, ஆளையும் குழுவை விட்டே தள்ளித் தடை போட்டுவிட்டுத்தான் அவன் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தான்.

டப்பாவில் இட்லி. அது கல்தான். இதை ஊரில் யாருக்கும் முன்னால் தெரிந்துகொண்டவன் அவன்தான். கல்யாணமான புதிதில், சாம்பாரில் கால் மணி நேரம் ஊறவைத்தால் இறங்கிவிடும் என்று கண்டுபிடித்தான். இதைப் போய்ச் சொல்வானேன், ஒரு வார்த்தை அவள் முகத்தை வாட வைத்துவிடும் என்று விட்டுவிட்டான். பிறகு சொல்லாமலே பழகிப்போயிற்று. அவளுக்கு இட்லி பிடிக்காது, அவள் எப்போதும் தோசைதான் சாப்பிடுவாள்.

சாயங்காலம் ரேவதி மிச்சமிருந்த கமெண்டுகளை உரக்கப் படித்தாள். அருமை, அற்புதம், கைமணம், ஓம் நமசிவாய. அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து, தான் செய்தது சரிதான் என்று அவன் முடிவுக்கு வந்தான்.

ஆனால் கூட்டம் வரவில்லை. ஒருமுறை வாங்கியவர்கள் அடுத்த முறை தெருவைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மீந்த இட்லியை அவர்களே உப்புமா செய்து தின்றார்கள். ஒருநாள் உதிர்த்துக்கொண்டே ரேவதி கேட்டாள்.

“எல்லாரும் நல்லாருக்குன்றாங்க. ஆனா ஒருத்தரும் திரும்ப வரலியே. ஏங்க, எனக்கு ஒண்ணும் புரியலீங்க.”

பௌர்ணமி போகட்டும், சூடு பிடிக்கும் என்றான் குமரேசன். 

பௌர்ணமியும் போயிற்று. அந்த வாரம் சிந்துஜா போன் பண்ணினாள். குழுவுக்கு அவளும் ஒரு நிர்வாகி. ஆசிரமத்துப் பக்கம் ஒரு காபிக் கடையில் வேலை பார்க்கிற பெண். அன்றைக்கு அண்ணன் அழித்த அந்த அருணாசலம் கமெண்டை முழுவதும் படித்தீர்களா என்று கேட்டாள். அழிப்பதற்குள் அவள் போனில் படம் பிடித்து வைத்திருந்தாளாம், எழுதியவரை அண்ணனே கூப்பிட்டுப் பேசுவார் என்று இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தாளாம். இன்னும் ஒன்றும் நடக்கவில்லையே என்று அந்தப் படத்தை அனுப்பியும் வைத்தாள்.

அதில் இப்படி இருந்தது: ‘இட்லி கல்லு மாதிரி இருக்குது. ஆனா பொங்கலும் வடகறியும் இந்த ஊர்ல நான் இப்படி சாப்பிட்டதில்ல. உளுந்து கம்மி, மிக்ஸியில அரைக்கிறீங்க போல. இட்லிய மட்டும் சரி பண்ணிட்டீங்கன்னா எங்க விடுதிக்கு தினமும் டிபன் உங்ககிட்டயே எடுத்துக்கிறோம்.’

குமரேசன் அதை இரண்டு முறை படித்தான். ரேவதி எதற்காகக் காத்துக்கொண்டிருந்தாளோ அதை அவனே ஒரு விரலால் அழித்திருந்தான். தான் தடை போட்டவர்களின் வரிசையைத் திறந்து பார்த்தான். மலை, மலை, மலை. எல்லாம் ஒரே மலை. பாதிப் பேர் அருணாசலம்.

அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தெரிந்த அருணாசலங்களைத் தேடிக் கிளம்பினான். அடி அண்ணாமலையில் பூ பயிரிடுகிற அருணாசலம் அவனைப் பார்த்ததும், மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான் என்றே எடுத்துக்கொண்டார். கட்டிலில் உட்காரவைத்து, மோர் கொடுத்து, பஸ் நேரத்தைப் பற்றித் தான் எழுதி அவன் அழித்ததை எல்லாம் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். மோரைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து போக முடியவில்லை. காப்பீட்டு முகவர் அருணாசலமோ, எழுதியதோடு எழுத மறந்ததையும் சேர்த்துச் சொன்னார். ‘உங்க குழுவுல இருக்கிறதுக்கு மலையப் பார்த்துப் பேசிட்டிருக்கலாம், அதுவாவது அழிக்காது’ என்றும் சொன்னார். தன் குழுவில் ஊர் என்ன பேசியது என்பதை அன்றைக்குத்தான் குமரேசன் முழுவதும் கேட்டான். பல விஷயம் நியாயமாகத்தான் இருந்தது. விடுதி வைத்திருக்கிற அருணாசலம் மட்டும் அகப்படவில்லை.

தோற்றுப்போய் வீட்டுக்கு வந்தால் முன்னறையில் ஒரு வயதான அம்மாள் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே ரேவதி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் பாதி விளங்கிவிட்டது.

அந்த அம்மாள் பெயர் ரேணுகாம்பாள். விடுதி அவருடையது. அருணாசலம் அவர் கணவர், போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் ஆரம்பித்த கணக்கை, அவர் வைத்த மலைப் படத்தோடு, மாற்ற மனமில்லாமல் இந்த அம்மாள் வைத்திருந்தார்.

“தப்பா ஒண்ணும் எழுதலியே தம்பி. எழுதின ஒடனே கமெண்டக் காணோம். அப்புறம் பார்த்தா குழுவையே காணோம். சரி, நேர்லயே சொல்லிட்டுப் போயிடலாம்னு வந்தேன்” என்றார்.

நெட்வொர்க் கோளாறு என்று குமரேசன் ஆரம்பித்தான். இரண்டு பெண்களும் அவனையே பார்த்தார்கள். 

வேறொருவரும் டிபன் கொடுக்கக் கேட்டிருப்பதாகவும், அடுத்த வாரம் இதே நாள் வந்து இட்லி சாப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகவும் சொல்லிவிட்டு ரேணுகாம்பாள் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார். கதவைச் சாத்திவிட்டு ரேவதி திரும்பினாள்.

“உங்களுக்கு எப்படி இருந்திச்சு, இட்லி?”

“கொஞ்சம் கெட்டியா...”

“எப்போலருந்து?”

“மொதல்லருந்தே” என்றான் குமரேசன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். “ஊருக்கே தெரிஞ்சிருக்குது. எனக்கு மட்டும்தான் தெரியல. பக்கத்துலயே இருந்து பார்த்துட்டு இருந்திருக்கீங்க” என்றாள். இட்லி கல் என்று ஒரு வார்த்தை சொல்லத்தான் அவன் இத்தனை வருஷம் பயந்திருந்தான், அதைவிடப் பெரியதாக ஒன்றைத் தானே சம்பாதித்து வைத்திருந்தான். அவமானத்தில் அவனுக்குக் காது சுட்டது.

அன்றைக்கே தள்ளிவிட்ட எல்லோரையும் குழுவில் மறுபடி சேர்த்தான். அழித்தது நான்தான், இனி அழிக்க மாட்டேன், இட்லியைப் பற்றி மனதில் பட்டதை எழுதுங்கள் என்று தன் பெயரைப் போட்டு எழுதினான். எழுதித் தள்ளினார்கள். வேகத்தடைக்கு ரேவதி சிரித்துவிட்டாள். வேறு ஒன்றுக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் முகம் கழுவி வந்து மேலே படித்தாள். கேலிக்கு நடுவில் உருப்படியான யோசனையும் வந்தது. மிக்ஸியைத் தள்ளிவைத்துவிட்டு, பக்கத்து வீட்டு எல்லம்மாளிடம் கிரைண்டர் இரவல் வாங்கி, உளுந்தைக் கூட்டித் தனியாக அரைத்தாள். தினமும் ஒரு ஈடு. தினமும் முதல் தட்டு குமரேசனுக்கு.

ரேணுகாம்பாள் வருவதாகச் சொன்ன காலை. ரேவதி தட்டை வைத்தாள். குமரேசன் பிட்டான். கை வைத்ததும் பிய்ந்து வந்தது. சாம்பாருக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

“நல்லாருக்குது” என்றான். மனதாரத்தான் சொன்னான்.

“நீங்க எதத்தான் நல்லால்லன்னு சொன்னீங்க?” என்றாள் ரேவதி.

நிஜமாகவே நன்றாக இருக்கிறது என்று மலை மேல் சத்தியம் பண்ணினான். அவள் கேட்கவில்லை. நேற்றும் இதைத்தான் சொன்னான், முந்தாநாள் வடை மாதிரி வந்தபோதும் இதைத்தான் சொன்னான் என்றாள். தானே பிட்டுப் பார்த்தும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. சொந்தச் சமையலில் என்ன தெரியும்? அந்த அம்மாள் முன்னால் இன்னொரு தரம் தலைகுனிய முடியாது, வர வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன் என்று போனை எடுத்து நம்பரைத் தேடினாள்.

குமரேசனுக்கு வியர்த்துவிட்டது. அவனிடம் இருந்ததெல்லாம் ‘நல்லாருக்குது’ என்ற ஒரு சொல்தான். அது இந்த வீட்டில் செல்லாக்காசாகிவிட்டிருந்தது. தட்டைப் பார்த்தான். மறுபடி ஒரு வாய், இந்த முறை சட்னியோடு, நிதானமாக மென்றான். நாக்கு நுனிவரை வந்ததை வழக்கம்போல விழுங்கப் போனவன் கண்ணை மூடிக்கொண்டான்.

“சட்னியில உப்பு கம்மி. பொட்டுக்கடலையும் ஜாஸ்தி. வாயில ஒட்டுது.”

ரேவதி போனைக் காதுக்குக் கொண்டுபோன கையோடு நின்றாள். முகம் சிவந்தது. கிண்ணத்தில் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். இன்னொரு முறையும் பார்த்தாள்.

“ஆமா, கம்மிதான்” என்றாள். பிறகு அவனைக் கூர்ந்து பார்த்து, மெதுவாகக் கேட்டாள்: “அப்ப இட்லி?”

“இட்லி நல்லாருக்குது.”

இந்த முறை அவள் நம்பினாள். போனைக் கீழே வைத்துவிட்டு உப்பு டப்பாவை எடுத்தாள்.