ஹெப்ஸி வீட்டு ரோஸ்மேரி

1902ஆம் ஆண்டு செப்டம்பரில், ப்ளம் பழ அறுவடை முடிந்த வாரம், ஹெப்ஸி டஸ்டின் கல்யாணமாகி வந்த அன்று காலை பதினொரு மணிக்குக் கணவன் வீட்டு வாசலில் ஊன்றிய ரோஸ்மேரி என்னும் வாசனைச் செடியின் குச்சி, மாலைத் தேநீருக்குள் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது. பெண்ணின் கை ஓங்கிய வீட்டில்தான் ரோஸ்மேரி தழைக்கும் என்பது எங்கள் ஊர் பெல்பரியில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். விருந்துக்கு வந்தவர்கள் செடியை ஒருமுறை பார்த்தார்கள், மாப்பிள்ளை சைலஸை ஒருமுறை பார்த்தார்கள், பிறகு கேக் எப்போது வெட்டுவார்கள் என்று கேட்டார்கள். அதற்குள் ஹெப்ஸி இட்டிருந்த கட்டளைகள் நான்கே நான்கு: மேல்சட்டையை ஆணியில் மாட்ட வேண்டும், கடிகாரத்தை ஐந்து நிமிடம் முன்னே தள்ளி வைக்க வேண்டும், நாய் வெளியே படுக்க வேண்டும், சைலஸின் சித்தப்பா பாடக்கூடாது. ஈஸ்டருக்குள் செடி ஆறடி ஆனது. ரோஸ்மேரி இயேசுநாதரின் உயரத்தை மிஞ்சாது, அந்த ஆறடியை எட்டவே அவர் வாழ்ந்த முப்பத்து மூன்று வருடம் பிடிக்கும் என்பதுதான் முறை. பாதிரியார் கைத்தடியோடு வந்து அளந்துவிட்டு முகம் சுளித்தார். ஆனால் செடிக்கு மரியாதை தெரிந்திருந்தது. அதற்குமேல் ஓர் அங்குலமும் உயராமல் பக்கவாட்டில் படரத் தொடங்கியது.

இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. எங்கள் ஊர்ச் செடிகள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்பவை. பார்ஸ்லிக் கீரை விதை முளைப்பதற்கு முன் ஒன்பது முறை நரகத்துக்குப் போய்ச் சாத்தானைப் பார்த்துவிட்டு வர வேண்டும். அதற்கு ஒன்பது வாரம் ஆகும். ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் செய்த வருடம் மட்டும் பதினோரு வாரம் ஆனது. தச்சர் வீட்டுக் கூரையில் குட்டிக் கற்றாழை போல, இடி விழாமல் காக்கும் செடி ஒன்று உண்டு. மின்னல் ஒருமுறை தெருமுனை வரை வந்து, அதைக் கண்டு, திரும்பிப் போய் ஊருக்கு வெளியே ஒரு காலிக் கொட்டகையில் விழுந்தது.

சைலஸுக்கு இரண்டு ஏக்கர் ப்ளம் தோட்டம். அதோடு அவன் தேவாலயத்தில் மணியடிக்கும் ஆறு பேருக்குத் தலைவன். கோபுரத்தில் அவன் தலையசைத்தால் ஐந்து ஆண்கள் கயிறு இழுப்பார்கள். அப்படிப்பட்டவன் வீட்டு வாசலில் இப்படி ஒரு புதர் நின்றால் மானம் கப்பலேறாமல் என்ன செய்யும்? ‘கலப்பை’ மதுக்கடை அவன் வீட்டுக்கு நேர் எதிரே இருந்தது. அதன் ஜன்னலோர மேசையில் கொல்லன் ஜோப் ஹெம்மிங் ஆப்பிள் கள்ளும் கையுமாக உட்கார்ந்து செடியைக் கவனித்துக்கொண்டிருப்பான்.

“என்ன சைலஸு, காலையிலேர்ந்து அரை அங்குலம் அகலம் கூடியிருக்கே. பாத்திரம் தேய்க்கச் சொன்னாளா?”

“காத்துல ஆடுதுடா. உனக்கு அப்படித் தெரியுது.”

“காத்தா? உங்க வீட்டுக்குள்ள காத்துகூட அவளைக் கேட்டுட்டுத்தானேப்பா வரும்!”

அதனால் சனிக்கிழமைகளில் ஹெப்ஸி முட்டைக் கூடையோடு ஈவ்ஷாம் சந்தைக்குப் போனதும், சைலஸ் கிளை கழிக்கும் ரம்பத்தை எடுத்து வந்து மண்டியிட்டு, மண்ணைப் பறித்து, ரோஸ்மேரியின் வேரில் இரண்டு மூன்றை அறுப்பான். மதியத்துக்குள் செடி ஒரு பக்கம் தொங்கிப்போகும். அவன் நிமிர்ந்த தலையோடு மதுக்கடைக்குள் நுழைவான். ஹெப்ஸி திரும்பி வந்ததும் செடியைப் பார்ப்பாள், அவன் கால்சட்டையைப் பார்ப்பாள், எதுவும் கேட்க மாட்டாள். அன்று மாலை மட்டும் கட்டளைகள் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். திங்கட்கிழமைக்குள் செடி பழையபடி நிமிர்ந்துவிடும். இப்படியே பத்தொன்பது வருடம் போனது. நடுவில் ஒரு போர் வந்து முடிந்தது, மணிக்கயிறுகள் இரண்டு முறை மாறின, ஹெப்ஸியைக் கேட்காமல் ஒரு ப்ளம் மரம்கூட வெட்டப்படவில்லை.

1921ஆம் வருடம் டிசம்பரில் சந்தையிலிருந்து மழையில் நனைந்து வந்த ஹெப்ஸிக்கு நெஞ்சில் சளி கட்டியது. முதலில் குரல் போனது, பிறகு எழுந்து உட்காரும் தெம்பு போனது. பெர்ஷோரிலிருந்து வந்த மருத்துவர், பெட்டியை மூடிக்கொண்டே, வசந்தத்தைப் பார்ப்பாள் என்று சொல்வதற்கில்லை என்றார். அடுத்த சனிக்கிழமை சைலஸ் பழக்கதோஷத்தில் ரம்பத்தோடு வாசலுக்கு வந்தான். அறுக்க அங்கே ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. ஆறடிப் புதர் இடுப்பளவுக்கு இறங்கி, இலையெல்லாம் துடைப்பக் குச்சியாகக் காய்ந்திருந்தது. ரம்பத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தான். அவள் இல்லாத வீட்டை அவன் அதுவரை ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

எரு போட்டான், அடுப்புக்கரி போட்டான், வெந்நீரில் கோணிப்பையை நனைத்து வேரைச் சுற்றிக் கட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் நாள்தான் அந்தச் செடி எதைத் தின்று வளர்ந்தது என்பது அவன் மண்டையில் உறைத்தது. மாடிக்கு ஓடிப்போய்க் கட்டிலருகே நின்றான்.

“ஹெப்ஸி, எனக்கு ஏதாச்சும் வேலை சொல்லு.”

“என்னத்த சொல்ல?” அவள் குரல் காற்றாகத்தான் வந்தது.

“பூட்ஸைத் துடைக்கச் சொல்லு.”

“துடைச்சுட்டுத்தானே வந்திருக்கே.”

சைலஸ் கீழே இறங்கினான். பன்றிப்பட்டியில் கணுக்கால் வரை சேற்றில் நின்று, திரும்ப மாடியேறி வந்து, அவள் தாய் பின்னிய கம்பளத்தின் நடுவில் போய் நின்றுகொண்டான்.

“அட பாவி மனுஷா! எங்கம்மா கம்பளம்யா அது! எறங்கு! ஒழுங்கா எறங்கு!”

கத்திய பிறகு அவளுக்கு இருமல் வந்தது. ஆனால் கீழே உச்சிக் கிளையில் ஓர் இலை பச்சையாக விரிந்திருந்தது. அன்றிலிருந்து சைலஸ் செய்யாத அட்டூழியம் இல்லை. நாயைக் கட்டிலுக்குக் கூட்டி வந்தான், கடிகாரத்தைப் பின்னே தள்ளி வைத்தான், சித்தப்பாவை அழைத்துப் பாட வைத்தான். ஒவ்வொன்றுக்கும் ஓரிரண்டு இலை வந்தது. வந்த இலை விடிவதற்குள் உதிர்ந்தது. மேலே தளிர்த்தாலும் கீழே வேர் பிடிக்கவில்லை. பத்தொன்பது வருடம் அறுபட்ட வேர் சும்மா பிடித்துவிடாது.

ஜனவரி முதல் ஞாயிறன்று, ஆராதனை முடிந்து மதுக்கடை நிறைந்திருந்த நேரத்தில், சைலஸ் ரம்பத்தோடு உள்ளே வந்து அதை ஜோப்பின் முன்னால் மேசையில் வைத்தான்.

“எல்லாரும் கேட்டுக்கங்க. எங்க வீட்டுல எம்பொண்டாட்டி சொல்றதுதான் சட்டம். வந்த நாளா அப்படித்தான். சனிக்கெழமை சனிக்கெழமை இதால வேரை அறுத்து உங்களை ஏமாத்துனேன். இப்ப அவ சாகக் கெடக்குறா. சிரிக்கிறவன் சிரிச்சுக்கலாம்.”

யாரும் சிரிக்கவில்லை. ஜோப் ரம்பத்தின் பல்லை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு, “எங்க வீட்டுச் செடிக்கு நான் வேருல பழுக்கக் காய்ச்சுன கம்பியை விடுவேன். செவ்வாக்கெழமைதோறும்” என்றான். தச்சர் உப்புத்தண்ணீர் என்றார். கடைக்காரர் துணி துவைத்த சோடாத் தண்ணீர் என்றார். கடைசியில் பாதிரியாரும் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆராதனைக்கு மிஞ்சிய மெழுகை உருக்கித் தன் மனைவியின் செடி வேரில் ஊற்றுவதாக ஒப்புக்கொண்டார். பெல்பரியில் வேரை அறுக்காத ஆண்பிள்ளை ஒருவனும் இல்லை.

வீட்டுக்கு வந்து சைலஸ் அவளிடமும் சொன்னான். ஹெப்ஸி கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

“தெரியும்யா. முழங்கால்ல மண்ணு ஒட்டுன கால்சட்டையெல்லாம் பத்தொம்பது வருஷமா யாரு துவைச்சான்னு நெனைச்சே?”

மறுநாள் காலை ஊரின் ஆண்கள் தொப்பியைக் கையில் பிடித்தபடி மாடிப்படியில் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய், “எனக்கு ஏதாச்சும் சொல்லுங்கம்மா” என்றார்கள். ஊரைப் பற்றி ஹெப்ஸி வாய்திறக்காமல் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. ஜோப் வேலியைச் சரிசெய்ய வேண்டும், வாரம் ஒருமுறையாவது குளிக்க வேண்டும். தச்சர் தன் தங்கையோடு பேச வேண்டும். பாதிரியார் பிரசங்கத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். எட்டாவது ஆளுக்கு அவள் குரல் கொஞ்சம் தெளிந்தது, இருபதாவது ஆளுக்குத் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். வியாழக்கிழமை ரோஸ்மேரியின் ஒரு கிளை, அந்த ஆறடி மரியாதையையும் மீறி, சுவரோடு சுவராக மாடிவரை தவழ்ந்து வந்து, ஜன்னல் கதவைத் தள்ளித் திறந்து, அறையெல்லாம் மணக்க அவள் நெஞ்சுப் பக்கம் வந்து நின்றது. அவள் ஆழமாக மூச்சிழுத்தாள். பார்ஸ்லி விதைக்கும் பெரிய வெள்ளிக்கிழமைக்குள் சந்தைக்குப் போகத் தொடங்கிவிட்டாள்.

அதன்பின் பதினொரு வருடம் பெல்பரியில் யாரும் வேரை அறுக்கவில்லை. எல்லா வாசலும் புதர் மூடி, தபால்காரர் கையில் அரிவாளோடு கடிதம் கொண்டுவந்தார். 1933 ஆகஸ்டில், எந்தக் கூடையில் எந்த ப்ளம் போக வேண்டும் என்று சொல்லி முடித்த கையோடு ஹெப்ஸி நாற்காலியிலேயே இறந்துபோனாள். சவப்பெட்டியின்மேல் ஊரே ஆளுக்கொரு ரோஸ்மேரிக் கொத்து வைத்தது. இனி அந்தச் செடி ஒரு வாரம் தாங்காது என்று எல்லோரும் நினைத்தோம். சைலஸ் அந்த வாரம் முழுக்கச் செடியைப் பார்க்காமல் பின்வாசல் வழியாகவே போய்வந்தான். அவளைப் புதைத்ததைத் தாங்கியவனுக்கு அதைப் பார்க்கும் தைரியம் வரவில்லை.

எட்டாம் நாள் மழை பெய்து குளிராக இருந்ததால், தீப்பொறி தெறிக்கும் என்று அவள் முப்பத்தோரு வருடம் அனுமதிக்காத இடத்தில், கணப்புக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மாடி ஜன்னலை எட்டியிருந்த கிளை அந்த நிமிடமே மஞ்சளானதைத் தெருவில் போன ஜோப் பார்த்து, சத்தம் போட்டுச் சொன்னான். சைலஸ் நாற்காலியைப் பழைய இடத்துக்கே இழுத்தான். தேநீர் கொதிப்பதற்குள் கிளை பச்சையாகிவிட்டது. அவன் முன்வாசல் வழியாக வெளியே வந்து, செடிக்கு முன்னால் நின்று, வாய்விட்டு அழுதான். பிறகு பூட்ஸைத் துடைத்துவிட்டு உள்ளே போனான்.

இப்போதும் மாலைகளில் சைலஸும் ஜோப்பும் ‘கலப்பை’யின் ஜன்னலோர மேசையில்தான் உட்காருகிறார்கள். முதல் கோப்பை முடிந்ததும் ஜோப், “இன்னொண்ணு ஊத்தட்டுமா?” என்று கேட்பான். சைலஸ் தெருவுக்கு எதிரே இருக்கும் செடியைக் கொஞ்ச நேரம் பார்ப்பான். பிறகு கோப்பையைக் கவிழ்த்து வைப்பான்.

“போதும்ங்கிறா.”

ஜோப்பும் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் கோப்பையைக் கவிழ்த்து வைப்பான்.