திபேரியஸ் கன்னத்தில் ஒரு வெட்டு

பல் செய்கிற கைக்குக் காசு செய்வது என்ன பெரிய காரியமா? ரதிதேவி இருபது வருடமாக த்ரீ கிங்ஸ் என்ற புறநகரில், செயற்கைப் பல் செய்கிற ஒரு லாபில் வேலை பார்க்கிறாள். அச்செடுத்து, மெழுகு வார்த்து, உலோகம் ஊற்றி, ஊர் பேர் தெரியாத வாய்களுக்கெல்லாம் பல் செய்து அனுப்புகிறவள். மகேசண்ணை தன்னிடமிருந்த ரோமானியக் காசைக் கொண்டுவந்து, தமிழ்ப் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு வெள்ளியில் பன்னிரண்டு நகல் வேண்டும் என்று கேட்டபோது, அவள் யோசிக்கவே இல்லை.

அவர் கேட்டு அவள் எதையும் மறுத்ததும் கிடையாது. அகதியாக வந்து இறங்கிய அன்று விமான நிலையத்துக்கு வந்து கூட்டிப்போனவர் அவர். அவளுடைய கலியாணப் பதிவில் தகப்பன் இடத்தில் நின்று கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். கூடப்பிறந்தவன்கூட அவ்வளவு செய்யமாட்டான்.

காசின் ஒரு பக்கம் திபேரியஸ் சக்கரவர்த்தியின் தலை. அந்தக் கன்னத்தின் குறுக்கே ஓர் உளிவெட்டு. மிளகு வாங்க வந்த கப்பல்கள் கொட்டிவிட்டுப் போன காசுகளில் சிலவற்றை நம்மவர்கள் இப்படி வெட்டி வைத்தார்கள். உள்ளேயும் வெள்ளிதானா என்று பார்த்தார்கள் என்பார் சிலர். இனி இது செல்லாது என்று அடையாளம் போட்டார்கள் என்பார் வேறு சிலர். அடித்துச் சொல்ல ஆளில்லை. எப்படியோ, ராசா தலை என்பதற்காக அவர்கள் மயங்கிவிடவில்லை. நமக்கு அந்தச் சாமர்த்தியம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

நகல் என்றால் விளிம்பில் 'ந' என்று பொறித்தே ஆகவேண்டும் என்பது ரதிதேவியின் பிடிவாதம். பதினொன்றில் பொறித்தாள்.

"மிச்சம் ஒண்டில மட்டும் வேண்டாம், தங்கச்சி," என்றார் மகேசண்ணை. "அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கப்போறன். அசல் லொக்கரில கிடக்கட்டும்."

"ஓம் அண்ணை," என்றாள். அந்த ஒரு ஓமுக்கு அவளைப் பிடித்து நாலு சாத்துச் சாத்தலாம். என்ன செய்வது, நம்பினவளுக்குக் கண் தெரியாது.

ஐந்து மாதம் கழித்து, நகரத்தின் மறுகோடியில் மாஸி என்ற புறநகரிலிருந்து செல்வராஜ் என்று ஒரு கரூர்க்காரன் அவள் வீடு தேடி வந்தான். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். கையில் ஒரு சின்னப் பெட்டி.

"எங்க அமராவதி ஆத்து மணல்ல கிடைக்குதே, அந்த மாதிரிக் காசுங்கக்கா. மகேசன் சார்கிட்ட வாங்கினேன். இதை லாக்கர்ல வச்சிட்டு, தினம் எடுத்துப் பாக்க ஒரு நகல் வேணும். நீங்க நல்லாச் செய்வீங்கன்னு பள்ளிக்கூடத்துல சொன்னாங்க."

ரதிதேவி பூதக்கண்ணாடியை எடுத்தாள். காதுக்குக் கீழே குண்டூசித் தலை அளவு பள்ளம். வெள்ளி ஊற்றும்போது விழுந்த காற்றுக்குமிழி. அதைத் தேய்த்து மட்டப்படுத்தியது அவளேதான். கன்னத்து வெட்டின் ஓரமும் மழுங்கியிருந்தது. உளி பட்ட வெள்ளி அப்படி இருக்காது. தான் பெற்ற பிள்ளையைத் தாய்க்கு அடையாளம் காட்டவேண்டுமா?

"அசல் எண்டு எப்பிடி நம்பி வாங்கினியள் தம்பி?"

"நீங்க பாத்துட்டு அசல்னு சொன்னதா சார் சொன்னாரு. அதனாலதான் வாங்கினேன்."

அங்கேயே போட்டு உடைத்திருக்க வேண்டும். ஆனால் நம் ஆட்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறதே! பெரிய மனிதர் தலை குனியக்கூடாது, அவர் வாயாலேயே சொல்லட்டும் என்று இடம் கொடுப்பது. "என்னட்ட விட்டிட்டுப் போங்கோ தம்பி," என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

அன்று மாலையே சான்ட்ரிங்ஹாமில் மகேசண்ணை வீட்டு மேசையில் காசை வைத்தாள்.

"இது நான் செய்தது, அண்ணை. என்ர பேரையும் சொல்லி வித்திருக்கிறியள்."

அவர் மறுக்கவில்லை. கண் கலங்கிவிட்டார். "வீட்டு மோர்ட்கேஜ் கடன் கழுத்தை நெரிச்சுது, ரதி. புத்தி கெட்டுப்போனன்."

"ஞாயிற்றுக்கிழமைக்குள்ள நீங்களே அவரிட்டச் சொல்லி, வாங்கின பணத்தைத் திருப்பிக் குடுங்கோ. நான் ஒருத்தரிட்டையும் கதைக்க மாட்டன்."

"நாளைக்கே போறன். காசை என்னட்டத் தா. கையோட கொண்டுபோய் வைச்சு மன்னிப்புக் கேக்கிறன்."

கொடுத்துவிட்டு வந்தாள். மனம் கனத்தாலும், அண்ணை கடைசியில் நேர்மையாகத்தான் நடந்துகொண்டார் என்று ஒரு ஆறுதல் இருந்தது.

ஞாயிறு காலை செல்வராஜ் வந்தான். பாவம், ஏமாந்த பிள்ளை, என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசித்தபடியே தேத்தண்ணிக்குக் கேத்தலைப் போட்டாள்.

"நான் உட்கார வரலைங்கக்கா," என்றான். நின்றுகொண்டே இருந்தான். "அசலைக் குடுத்துருங்க."

"என்ன தம்பி?"

"மகேசன் சார் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. நான் உங்ககிட்ட விட்டுட்டுப் போனது அசல். நீங்க அதை எடுத்து வச்சுக்கிட்டு, நகலை என்கிட்டச் சேர்த்துடச் சொல்லி அவர்கிட்டக் குடுத்தீங்களாம். அவர் பாத்ததும் போலின்னு கண்டுபிடிச்சிட்டாரு." பையிலிருந்து காசை எடுத்து மேசையில் வைத்தான். "போலீஸுக்குப் போகாதீங்கன்னு அவர்தான் கெஞ்சினாரு. என் தங்கச்சி மாதிரி, ஏதோ ஆசையில பண்ணிட்டான்னு அழுதாரு."

ரதிதேவிக்குக் கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வெட்கம், ஏதோ தானே திருடிவிட்டது போல. மகேசண்ணை கலங்கிய அந்தக் கண்ணை நினைத்தாள். அப்போதே அவர் இதை யோசித்துவிட்டார். அழுதுகொண்டே யோசித்திருக்கிறார்.

"தம்பி, நீங்கள் வாங்கினதே இதுதான். நான்தான் செய்தது. சத்தியமா, இது என்ர கைவேலை."

"அதைத்தாங்கக்கா நானும் சொல்றேன்," என்றான் செல்வராஜ்.