எதிர் நாற்காலி

பெரிய டாக்டரம்மா நோயாளியின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, "இதயம் ஜம்முனு இருக்கு," என்றார்.

"குழாயைக் காதுல மாட்டவே இல்லியேம்மா!" என்றார் நோயாளி.

வார்டே கொல்லென்று சிரித்தது. அந்த ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குத் தலைவியான முதல் பெண் டாக்டரம்மாதான். இரண்டு ராத்திரியாக அவசர கேஸ்கள். மதியம் இன்னொரு ஆபரேஷன்.

முகம் சிவக்கத் தன் அறைக்குள் நுழைந்தால், அவர் நாற்காலியில் தலைமை நர்ஸ் ஜம்பமாக உட்கார்ந்திருந்தார். யார் தப்பு செய்தாலும் எதிர் நாற்காலியில் உட்காரவைத்து, திட்டுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்பது டாக்டரம்மாவின் வழக்கம்.

"இன்னிக்கு நீங்க எதிர்ல உக்காருங்க மேடம். சாப்பிட்டீங்களா?"

"ஒரு பிஸ்கட்."

"தூங்கினீங்களா?"

"லிஃப்ட்ல கொஞ்சம்."

"ஒரு ஜூனியர் இப்படிச் சொன்னா?"

"கத்தியைத் தொடவிடாம வீட்டுக்குத் துரத்துவேன். ஆனா நான் போனா, பொம்பளைக்கு எதுக்கு இந்தப் பதவின்னு பேசுவாங்க சிஸ்டர்."

"போன வாரம் துணை டாக்டர் முதுகுவலின்னு லீவு போட்டாரே, ஆம்பளைக்கு எதுக்குன்னு எவனாவது கேட்டானா?"

டாக்டரம்மாவுக்குக் குபீரென்று சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே துணை டாக்டருக்குப் போன் போட்டார்.

"மதிய ஆபரேஷனை நீங்க பாத்துக்குங்க."

"ஏன் மேடம், ஏதாவது மீட்டிங்கா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். வாய்வரை வந்துவிட்டது.

"இல்லை. எனக்குத் தூக்கம் வருது!"

அதைச் சொன்னதும் பள்ளிக்கூடத்துக்குத் திடீர் லீவு விட்டதுபோல் இருந்தது. போகிற வழியில் குழாயை ஒழுங்காகக் காதில் மாட்டி அந்த நோயாளியைச் சோதித்தார்.

"ஜம்முனுதான் இருக்கு. இந்தத் தடவை நிஜமாவே கேட்டேன்!"