வாங்காத இயந்திரம்

அவர்கள் வாங்காத இயந்திரம் வெட்டிய எழுத்துகள் பதினொன்றாம் நாள் காலையில் கடை மேசைமேல் இருந்தன. ஷட்டரைத் தூக்கியவர் அண்ணன். பூட்டு பூட்டியபடி இருந்தது, ஜன்னல் சாத்தியிருந்தது. நீல வினைல் ஒட்டுத்தாளில் 'பல் மருத்துவர், காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை' என்று இருந்தது. எழுத்தைச் சுற்றியிருந்த வேண்டாத வினைல் உரிக்கப்பட்டு, அடித்தாளில் எழுத்து மட்டும் நின்றது. அதற்குப் பிறகு, ஒன்பதரை மணிக்குத்தான் பல் மருத்துவர் வந்து, தன் கண்ணாடிக் கதவில் நேரம் எழுத வேண்டும், நீலமாக இருந்தால் நல்லது என்றார். வினைல் வெட்டுகிறவர்களுக்கு எழுத்தின் மூலைகள் கையெழுத்து மாதிரி. கடையில் இருந்த புது இயந்திரம் 'ட'வின் மூலையை மழுக்கும். இந்த 'ட' கத்தி மாதிரி இருந்தது. அப்படி வெட்டும் ஓர் இயந்திரத்தைத்தான் அண்ணன் பதினொரு நாட்களுக்கு முன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். வரி வலப்பக்கம் போகப் போக இறங்கியது, மீட்டருக்கு இரண்டு மில்லிமீட்டர். அந்தக் கணக்கும் அவருக்குத் தெரிந்ததுதான்.

கடை சிறியது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு நீள மேசை, சுவரில் நிறம் நிறமாக வினைல் ரோல்கள். அண்ணன் வருகிறவர்களிடம் பேசுவார். தம்பி எழுத்தை அமைத்து வெட்டுவான். அண்ணி உரித்து ஒட்டுவாள். தெருவே அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டது. தம்பியை ரசமட்டம் என்றது. அடுத்தவர் வீட்டுச் சுவரில் படம் சாய்ந்திருந்தாலும் அவன் போய் நிமிர்த்துவான். கடைக்கு இடம் பார்த்தவன் அவன். ஏணி, மேசை, ரோல் மாட்டும் கம்பி எல்லாம் அவன் தேர்ந்தவை, எதுவும் பழுதாகவில்லை. அண்ணியைக்கூட முதலில் தெரிந்தவன் அவன்தான். "இவங்க உனக்குப் பொருத்தமா இருப்பாங்கண்ணா" என்றான். இருந்தாள். பன்னிரண்டு வருடம் ஒருவன் சொன்னதெல்லாம் சரியாக இருந்தால் கூட இருப்பவனுக்கு என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. அண்ணனும் யோசிக்கவில்லை.

வினைல் வெட்டும் பழைய இயந்திரம், கட்டிங் பிளாட்டர், ஒரு செவ்வாய்க்கிழமை, 'ஓ'வின் பாதியில் நின்றது. தம்பி ஆறு வாரம் அலைந்தான். மற்றக் கடைகளுக்குப் போனால் முதலாளியிடம் பேசமாட்டான். "முதலாளி மிஷினோட விலையைச் சொல்வார். வெட்டறவன்தான் மிஷினைச் சொல்வான்" என்பான். கத்தி எவ்வளவு அழுத்தும், உதிரிப் பாகம் எத்தனை நாளில் வரும், பட்டை அறுந்தால் யார் வந்து மாற்றுவார்கள் என்று ஒரு நோட்டில் எழுதினான். கடைசியில் இரண்டு நின்றன, இரண்டும் ஒரே வியாபாரியிடம். ஒன்று சாம்பல் நிறம், கனம், மெதுவாக ஓடும், சத்தம் இல்லை. மற்றது வெள்ளை. தொடுதிரை, பச்சை விளக்கு, இரண்டு மடங்கு வேகம். தம்பிக்குச் சாம்பல் பிடித்தது. அண்ணனுக்கு வெள்ளை பிடித்தது. அதைவிட, தம்பி காட்டாத ஒன்று தனக்குப் பிடித்திருக்கிறது என்பது அவருக்குப் பிடித்திருந்தது.

"வேகத்தைப் பாக்காதண்ணா. நேரா போகுதான்னு பாரு" என்றான் தம்பி. சோதனையை அவனே சொன்னான். கத்திக்குப் பதில் பேனாவை மாட்டி, நான்கு மீட்டர் வினைலில் ஒரு கோடு போகவேண்டும், அதே கோட்டில் திரும்பி வரவேண்டும், மூன்று தடவை. ஆறு கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் அது நம்பக்கூடிய இயந்திரம். வெள்ளை ஒரு மில்லிமீட்டர் பிசகியது. "பரவால்ல, மோசமில்ல" என்றான் தம்பி, சிரித்துக்கொண்டே. அவன் அடுத்த ரோலை எடுக்க வெளியே நின்ற வேனுக்குப் போனான். வியாபாரி பிளக் தேடி உள்ளே போனார். வினைலை இரண்டு ஓரத்திலும் ரப்பர் உருளைகள் அழுத்திப் பிடித்திருக்கும். ஒவ்வொரு உருளைக்கும் பின்னால் சுண்டுவிரல் அளவு நெம்புகோல். அண்ணன் சாம்பல் நிற இயந்திரத்தின் இடப்பக்க நெம்புகோலைப் பாதி தூக்கிவிட்டார். பார்த்தால் உருளை வினைலைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. அழுத்தவில்லை. கோடு போனது, வந்தது. எட்டு மில்லிமீட்டர் விலகியது.

"இந்த மிஷின் இப்படிப் போனதே இல்ல சார்" என்றார் வியாபாரி. முகம் வாடிவிட்டது. தம்பி கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நோட்டை மூடினான். "சரிண்ணா. உன் இஷ்டம்" என்றான். வெள்ளை இயந்திரம் அன்றே வந்தது. ஆறாம் நாள் தம்பி, லிப்ட் பொருத்தும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது, தூரத்து நகரம் என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டான். அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு, "ஒரு மிஷினுக்காகவா தம்பி?" என்றாள். "மிஷினுக்காக யாராவது போவாங்களா அண்ணி" என்றான் அவன். தோற்ற வெட்கத்தில் போகிறான் என்று அண்ணன் நினைத்தார். அப்படி நினைப்பது அவருக்கு வசதியாக இருந்தது.

பதினொன்றாம் நாளிலிருந்து எழுத்துகள் தினமும் வந்தன, ஞாயிறு தவிர. அன்றைக்கு யார் என்ன கேட்டு வரப்போகிறார்களோ அது, சரியான நிறத்தில், சரியான அளவில். முதல் வாரம் அண்ணன் அவற்றைச் சுருட்டிக் குப்பையில் போட்டார். வெள்ளை இயந்திரத்தில் மறுபடி வெட்டினார். அது வெட்டியது நேராக இருந்தது, மூன்றாம் நாள் ஓரம் எழும்பியது. அண்ணி ஒருநாள் குப்பையிலிருந்து எடுத்து உதறி ஒட்டினாள். அது உரியவில்லை. "யார் வெட்டினா என்ன? ஒட்டுது. என் விரலும் தப்பிச்சுது" என்றாள். தாளைக் கொஞ்சம் சாய்த்து ஒட்டினால் வரி நேராகிவிடும் என்று பார்த்தாள். ஒட்டி முடித்து ஓரடி விலகி நின்றபோது வரி அதே அளவு இறங்கியிருந்தது. இரண்டு தடவை பார்த்தாள், விட்டுவிட்டாள். அண்ணன் அந்த எழுத்துகளைத் தொடவில்லை. ஒட்டுகிற வேலை முழுக்க அண்ணியுடையது ஆயிற்று.

ஒரு மாதம் கழித்து அவர் வியாபாரிக்குப் போன் செய்தார். சாம்பல் நிற இயந்திரம் கிடங்கில் துணி போர்த்தி இருக்கிறது, விற்கவில்லை என்றார் அவர். "உங்க கண்ணு முன்னாடி கோணின மிஷினை இன்னொருத்தர் தலையில கட்ட மனசு வரல சார். பிளக்கைப் பிடுங்கித்தான் வச்சிருக்கேன். ஆனா காலைல பாத்தா கீழே வினைல் துணுக்கு கிடக்குது. பெருக்கறவங்க சண்டைக்கு வர்றாங்க." இடப்பக்க நெம்புகோல் ஏறியிருக்கிறதா என்று அண்ணன் கேட்டார். வியாபாரி போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஆமாம், இறக்கிவிட்டேன் என்றார். மறுநாள் அவரே கூப்பிட்டார். "ஏறியிருக்கு சார். மறுபடி இறக்கினேன். உங்களுக்கு எப்படித் தெரியும்?" அண்ணன் லைன் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்தார்.

சாய்வு நிலையாக இல்லை. நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடங்கியது, முன்பு ஒட்டியவையும் கூடவே இறங்கின. முதல் வருடம் யார் கண்ணுக்கும் படவில்லை. மூன்றாம் வருடம் தையல்காரர் தன் பலகையைப் பார்த்து, ஆணி கழன்றுவிட்டது என்று ஆணி அடித்தார். ஐந்தாம் வருடம் தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. டிரைவிங் ஸ்கூல்காரர் இடுப்பில் கை வைத்து நின்று, "என்னங்க இது, என் ஸ்கூல் மலையிறங்குற மாதிரி இருக்கே" என்றார். "பிரேக் பிடிங்க" என்றாள் அண்ணி. "பிடிக்கலாம். ஆனா ஒண்ணு சொல்லணும், நாலு மழை பாத்தும் ஒரு புள்ளி உரியல" என்று சொல்லி, காருக்கும் ஒன்று எழுதச் சொன்னார். ஒன்பதாம் வருடம் ஒரு மீட்டர் வரி ஒரு சாண் இறங்கியது. தச்சர்கள் பலகையையே கோணலாக அறுத்துத் தரத் தொடங்கியிருந்தார்கள். அண்ணன் ஒவ்வொரு வருடமும் தம்பிக்கு ஒரு தடவை போன் செய்தார். சாப்பாடு, உடம்பு, பிள்ளைகள் என்று பேசுவார். தம்பியும் அதையே பேசுவான். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் எண்ணை அழுத்துவார்.

அந்த வருடம் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வழி காட்டும் அம்புக்குறி, சாய்ந்து சாய்ந்து கீழே போகும் படிக்கட்டைக் காட்டியது. பிரசவ வலியில் இருந்த மனைவியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் அம்பு காட்டிய வழியே ஓடினார். துவைத்த போர்வைகள் அடுக்கியிருந்த அறையில் குழந்தை பிறந்தது. தாயும் குழந்தையும் நலம். மருத்துவமனையில் யாரும் திட்டவில்லை. வேறு அம்பு கேட்டு ஆள் அனுப்பினார்கள், அவ்வளவுதான். அன்று மதியம் அண்ணி, வினைல் உரிக்கும் கொக்கியை மேசையில் வைத்தாள்.

"போய் சொல்லிட்டு வாங்க."

"யார்கிட்ட? என்ன சொல்ல?"

"என்னன்னு எனக்குத் தெரியாது. ஏதோ இருக்குன்னு ஒன்பது வருஷமா தெரியும். இந்தத் தடவை போர்வை இருந்துது. அடுத்த தடவை என்ன இருக்குமோ."

அண்ணன் மறுநாள் காலைப் பஸ்ஸில் போனார். தம்பியின் வீடு மூன்றாம் மாடியில். லிப்ட் இருந்தது, அவர் படியில் ஏறினார். தம்பிக்கு முன்னந்தலை வழுக்கை விழுந்திருந்தது. மனைவியும் பிள்ளைகளும் வெளியே போயிருந்தார்கள். சுவரில் காலண்டர் சாய்ந்து தொங்கியது. அதைத் தாண்டி இரண்டு தடவை சமையலறைக்குப் போய்வந்தான் தம்பி, அதை நிமிர்த்தக் கை நீளவில்லை. அண்ணன் அதைப் பார்த்தபடி, அவன் கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிக்காமலே, நெம்புகோலைப் பற்றிச் சொன்னார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது. மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

"தெரியும்ணா" என்றான் தம்பி.

"யார் சொன்னா? வியாபாரியா?"

"ரோலைத் தோள்ல வச்சுக்கிட்டு வந்தேன். கண்ணாடிக் கதவு. நீ திரும்பி நின்னுட்டிருந்த. கை தெரிஞ்சுது."

"அங்கேயே கேட்டிருக்கலாமேடா. நாலு அறை விட்டிருக்கலாம்."

"நாலு மீட்டர் போக ஒரு நிமிஷம், வர ஒரு நிமிஷம். நீயே இறக்கிடுவேன்னு நின்னேன். மூணு தடவை போச்சு, வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் உன் கையைத்தான் பாத்துட்டிருந்தேன். கோட்டைக் கடைசியிலதான் பாத்தேன்."

அண்ணன் மீதித் தண்ணீரைக் குடித்தார். பிறகு, திரும்பி வா, கடை உன்னுடையது என்றார். தம்பி அதற்குக் கோபப்படவில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைச் சொன்னான், கம்பெனியைச் சொன்னான். இப்போது கத்தி பிடித்தால் கை பழையபடி இருக்காது என்றான். "அப்ப வந்திருப்பேன்ணா. ரெண்டாவது வாரம் நீ கூப்பிட்டிருந்தாகூட வந்திருப்பேன். பைல இருந்த துணியை எடுத்து வைக்கவே இல்ல" என்றான். சோறு போட்டான். அண்ணன் சாப்பிட்டார். பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்து, ஜன்னலோர இடமாகப் பார்த்து உட்காரவைத்தான்.

மறுநாள் காலை அண்ணன் கொஞ்சம் வேகமாகவே ஷட்டரைத் தூக்கினார். மேசையில் சலவைக்கடைக்கான எழுத்துகள் இருந்தன, சிவப்பில். குனிந்து அளந்தார். அதே சாய்வு, மீட்டருக்கு ஒரு சாண். வியாபாரியைக் கூப்பிட்டார். நெம்புகோல் இறங்கியிருக்கிறது, இறங்கியே நிற்கிறது என்றார் அவர். அண்ணி வந்து பார்த்தாள். பத்து மணிக்குச் சலவைக்கடைக்காரர் வந்து கேட்டார். அண்ணி எழுந்தபோது, நீ இரு என்று சொல்லிவிட்டு அண்ணன் தாளைத் தானே எடுத்துக்கொண்டு போனார். கண்ணாடியைத் துடைத்தார். மேல் விளிம்பைப் பிடித்து ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்தார். நிமிர்த்திப் பார்க்கவில்லை. ஒன்பது வருடத்தில் அவர் ஒட்டிய முதல் எழுத்து அது. அன்றிலிருந்து எல்லாவற்றையும் அவரே ஒட்டினார். மருத்துவமனை அம்பை மட்டும் வெள்ளை இயந்திரத்தில் வெட்டினார், மூன்று நாளுக்கொரு தடவை போய் மாற்றினார். சாய்வு அந்த ஒரு சாணோடு நின்றுவிட்டது. குறையவும் இல்லை.

பதின்மூன்றாம் வருடம் தம்பி ஒரு வேலையாக அந்தப் பக்கம் வந்தவன் கடைக்கு வந்தான். அண்ணி சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்றாள், சாப்பிட்டான். சாயங்காலம் அண்ணன் அவனைப் பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்துப் போனார். நீளமான தெரு, இரண்டு பக்கமும் கடைகள், எல்லா வரியும் வலப்பக்கம் இறங்கின. வெளியூர்க்காரர்கள் முதல்நாள் தலையைச் சாய்த்துத்தான் படிப்பார்கள். தம்பி சாய்க்கவில்லை. ஒவ்வொரு பலகையாக, பல் மருத்துவரிலிருந்து சலவைக்கடை வரை, படித்துக்கொண்டே நடந்தான். அண்ணன் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார். கடைசிப் பலகையருகே தம்பி நின்று, ஓர் எழுத்தின் மூலையை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

"உரியவே இல்லையேண்ணா."

"உரியாது" என்றார் அண்ணன்.

பஸ் வந்தது. அதன் பக்கவாட்டில் எழுதியிருந்த ஊர்ப்பெயரும் இறங்கித்தான் இருந்தது. தம்பி ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கையை அசைத்தான்.